முற்றி உலர்ந்த கொழுக்கட்டைப்புல்லைச் செம்மறிகளுக்குச் சத்துள்ளதாக்க வழி உண்டா?

கேள்வி – கொறங்காட்டுக்காரர்

வணக்கம். வெள்ளகோவில் பக்கம் எங்களுக்குப் பத்து ஏக்கர் கொறங்காடும் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) நாற்பது மேச்சேரி இனச் செம்மறிகளும் உள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கொழுக்கட்டைப்புல் நன்றாக வந்ததால், கிளுவை வேலிக்குள் இரண்டு ஏக்கரை மேய்க்காமல் ஒதுக்கி, கோடைக்கென்று அறுத்துப் போர் போட்டோம். ஆள் கிடைக்காமல் அறுப்பு தைக் கடைசிக்குத் தள்ளிப்போனது. அதற்குள் விதை உதிர்ந்து தாள் மஞ்சளேறிவிட்டது. இப்போது ஆடுகள் இலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுத் தாளை மிதித்துக் கழிக்கின்றன. வயிறு நிறைந்தாற்போல் தெரிந்தாலும் முதுகில் கைவைத்தால் எலும்பு தட்டுகிறது. பதினைந்து ஆடுகள் நான்கு மாதச் சினை. புல்லின் மேல் யூரியாவைத் தெளித்துக் கொடுக்கச் சொல்கிறார் ஒருவர். புண்ணாக்கு ஒன்றே வழி என்கிறார் மற்றொருவர். எதைக் கேட்பது?

பதில் 1 – பட்டிக்காரர்

தெளித்த கையோடு கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்த யூரியா ஆட்டின் வயிற்றில் ஒரேயடியாக அம்மோனியாவாக மாறி, சில மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடும். யூரியாவில் ஊறவைப்பது என்பது வேறு வேலை. 100 கிலோ உலர்புல்லுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நறுக்கிய புல்லை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின் மேலும் பூவாளியால் சீராகத் தெளித்து, காற்றுப் போக மிதித்து, தார்ப்பாயால் மூடி ஓரங்களில் மண் அணைத்துவிட வேண்டும். 21 நாள் கழித்துப் பிரித்தால் தாள் பழுப்பேறி மெத்தென்று இருக்கும். நெடியில் கண்ணில் நீர் வரும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, இரண்டு மணி நேரமாவது காற்றாட விரித்து, நெடி போன பிறகே போட வேண்டும். அம்மோனியா நாரின் கட்டைத் தளர்த்துவதால் செரிமானம் கூடும். 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும் புரதமும் ஏறக்குறைய இரு மடங்காகும்.

பதில் 2 – மேய்ச்சல்நிலம்

மேலே சொல்லியிருக்கும் முறை சரிதான் என்றாலும், அதை இந்தச் சினையாடுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. நீங்கள் மூடி வைத்த புல்லைப் பிரிப்பதற்குள் பாதி ஆடுகள் குட்டி போட்டுவிடக்கூடும்.

உங்கள் புல்லில் குறைவது புரதம். இரைப்பையில் நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கே உணவில் 7 சதவீதப் புரதமாவது வேண்டும். அது குறைந்தால் தின்ற தாள் வயிற்றிலேயே தங்கி, வயிறு நிறைந்தாற்போல் தோற்றம் தருமே தவிர உடம்பில் ஒட்டாது. 30 கிலோ எடையுள்ள ஆடு இந்தப் புல்லை 800 கிராம் தின்றால் கிடைப்பது சுமார் 32 கிராம் புரதம். அதோடு 100 கிராம் கடலைப்புண்ணாக்கு சேர்த்தால் இன்னும் 40 கிராம் கிடைப்பதுடன், தாளும் முன்பைவிட நன்றாகச் செரிக்கும். பதினைந்து ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோதான் செலவாகும். பூசணம் பிடித்த புண்ணாக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

கடலைக்கொடி கிடைத்தால் புல்லோடு கலந்து போடுங்கள். உங்கள் கொறங்காட்டிலேயே வெள்வேல மரத்தின் நெற்றுகள் உதிருமே, அவற்றைப் பொறுக்கி வைத்தாலே நல்ல தீவனம். கழிக்கும் தாளைக் கட்டாயப்படுத்தித் தின்னவைக்காமல், சற்றுக் கூடுதலாகப் புல் போட்டு இலையைப் பொறுக்கவிடுங்கள். மிச்சத்தை மாட்டுக்குத் தள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. புண்ணாக்கை நாளையே தொடங்குகிறேன். சினையில்லாத ஆடுகளுக்காக 200 கிலோ தாளை மட்டும் ஊறவைத்துப் பார்க்கலாமா? மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவை வீட்டில் இருக்கிறது, அதையும் சேர்க்கலாமா?

பதில் 3 – மேய்ச்சல்நிலம்

ஊறவைக்கலாம். ஆனால் போரின் அடியில் பச்சை வாசம் மாறாத நல்ல புல் இருந்தால் அதை இதில் சேர்க்காதீர்கள். சர்க்கரைச் சத்துள்ள புல்லில் அம்மோனியா சேர்ந்தால் உண்டாகும் நஞ்சு ஆட்டை வெறிபிடித்தாற்போல் ஓடவைக்கும், பாலின் வழியாகக் குட்டியையும் தாக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு ஊறவைத்த புல் ஆகாது. வளர்ந்த ஆடுகளுக்கும் முதலில் கைப்பிடி அளவில் தொடங்கி, ஒரு வாரத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். மாட்டுக் கலவையில் தாமிரம் கூடுதலாக இருக்கலாம்; செம்மறியின் ஈரலில் அது சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் திடீரென்று ஆட்டைச் சாய்த்துவிடும். செம்மறிக்கென்று எழுதியிருக்கும் தாது உப்புக் கட்டியையே வாங்கித் தொங்கவிடுங்கள். அடுத்த முறை புல் பூவெடுக்கத் தொடங்கியதும், ஆள் கிடைக்காவிட்டால் அரை ஏக்கரையாவது அறுத்துவிடுங்கள்.