பிரேக்கை மிதித்தால் பெடல் பலகை பின்வாங்குகிறது: வீட்டில் செய்த பந்தய காக்பிட்டுக்கு உதவி தேவை

ஈரப்பாதை:

வணக்கம். கணினியில் ஆடும் கார் பந்தய விளையாட்டுகளுக்காகக் குறைந்த செலவில் நானே ஒரு காக்பிட் (இருக்கை, ஸ்டீயரிங், பெடல் மூன்றையும் தாங்கும் அமைப்பு) செய்திருக்கிறேன். செய்து மூன்று வாரம் ஆகிறது. மேசை விளிம்பில் ஸ்டீயரிங்கை மாட்டி விளையாடிய காலத்தைவிட இப்போதுதான் பிரேக்கில் அதிகம் தவறுகிறேன் என்பதால் இங்கே கேட்கிறேன்.

அடித்தளம் 18 மி.மீ. ப்ளைவுட். பெடல்களைத் தாங்கும் பலகை 12 மி.மீ. ப்ளைவுட், சாய்வை மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று அதன் கீழ்விளிம்பை இரண்டு கீல்களால் அடித்தளத்தோடு பிணைத்து, மேல்விளிம்புக்குப் பின்னால் ஒரு மர ஆப்பை முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு பழைய காரின் முன்னிருக்கையைத் தனி மரப்பெட்டியின் மேல் பொருத்தியிருக்கிறேன். அந்தப் பெட்டி அடித்தளத்தோடு இணைக்கப்படவில்லை. ஸ்டீயரிங் பல்சக்கரத்தில் இயங்கும் தொடக்கநிலை வகை, 900 பாகை சுழலும். பெடல்களில் நகர்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர்தான் இருக்கிறது; பிரேக்குக்குள் மட்டும் ஒரு ரப்பர் கட்டை உண்டு.

நேர்ப்பாதையின் முடிவில், ஒரே இடத்தில், ஒரே அளவு என்று நினைத்து மிதித்தாலும் ஒரு சுற்றில் பிரேக்கின் அளவாகத் திரை 85 விழுக்காடு காட்டுகிறது, அடுத்த சுற்றில் 70 காட்டுகிறது. 70 வந்தால் வளைவைத் தாண்டிப் புல்லில் போய் நிற்கிறேன். அந்தப் பயத்தில் அடுத்த முறை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்குகிறது. இதோடு ஓரக்கல்லில் ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் தாங்கியும் ஆடுகிறது. மரத்தையே விட்டுவிட்டு அலுமினியச் சட்டத்துக்கோ பிவிசி குழாய்க்கோ மாறுவதா, அல்லது பெடலை மட்டும் மாற்றுவதா? இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை.

ரம்பத்தூள்:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் விவரத்தைப் படித்த அளவில், தவறு பெடலுக்குள் இல்லை, பெடலுக்கும் உங்கள் முதுகுக்கும் இடையில் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

காக்பிட் செய்பவர்கள் பெரும்பாலும் ஸ்டீயரிங் தாங்கியைத்தான் இரும்புக்கோட்டை போலக் கட்டுகிறார்கள், ஏனென்றால் கண்ணுக்கு எதிரே ஆடுவது அதுதான். ஆனால் கணக்கு வேறு. உங்கள் வகை ஸ்டீயரிங் தரும் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். வளையத்தின் ஆரம் 14 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கையில் உணரும் விசை 15 நியூட்டனுக்குள் அடங்கிவிடும். அதாவது ஒன்றரைக் கிலோ எடையைத் தாங்குவது போன்றது. பிரேக்கிலோ, ரப்பர் கட்டையை அமுக்க 20, 30 கிலோ எடைக்கு நிகராகக் கால் தள்ளுவது சாதாரணம். கால் முன்னே தள்ளும் அதே விசை இடுப்பு வழியாக இருக்கையைப் பின்னே தள்ளுகிறது. உங்கள் அமைப்பில் இருக்கையும் பெடலும் வெவ்வேறு துண்டுகள் என்பதால், இரண்டையும் பிடித்து வைத்திருப்பது தரையின் உராய்வு மட்டுமே.

பொட்டென்ஷியோமீட்டர் அழுத்தத்தை அளப்பதில்லை, பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைத்தான் அளக்கிறது. உங்கள் கால் 6 செ.மீ. நீள்கிறது, அதில் 2 செ.மீ. தூரத்தைப் பலகையும் பெட்டியும் தின்றுவிட்டன என்றால், பெடலுக்குக் கிடைப்பது 4 செ.மீ.தான். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தின்றால்கூடப் பழகிக்கொள்ளலாம். பெட்டி ஒருமுறை வழுக்கியும் ஒருமுறை பிடித்துக்கொண்டும் இருப்பதால்தான் உங்களுக்கு எண் மாறுகிறது.

இதைச் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். பெடல் பலகையின் மேல்விளிம்புக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலைத் தரையில் நிறுத்தி, கைப்பேசியால் பக்கவாட்டிலிருந்து படம்பிடித்தபடி பிரேக்கை முழுமையாக மிதியுங்கள். இருக்கைப் பெட்டியின் பின்விளிம்பிலும் இதையே செய்யுங்கள். பிறகு பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பத்துமுறை மிதித்து, திரையில் வரும் எண்களைக் குறித்துவைத்து இங்கே எழுதுங்கள்.

கடைசிச்சுற்று:

நான் சற்று மாறுபடுகிறேன். தூரத்தை அளக்கும் பெடல் இருக்கும்வரை இந்தத் தொல்லை முழுதாகத் தீராது. விசையை அளக்கும் லோட் செல் ஒன்று, அதன் நுண்ணிய மின்னழுத்தத்தைப் படிக்க எச்எக்ஸ் 711 சில்லு கொண்ட சிறு மின்சுற்றுப் பலகை ஒன்று, கணினிக்கு ஜாய்ஸ்டிக் போலத் தன்னை அறிவித்துக்கொள்ள ஆர்டுயினோ லியோனார்டோ என்ற நிரல் எழுதக்கூடிய மின்சுற்றுப் பலகை ஒன்று; இம்மூன்றையும் கொண்டு பிரேக்கை நீங்களே மாற்றிவிடலாம். ஆர்டுயினோவின் ஊனோ பலகை வேண்டாம். லியோனார்டோவில் உள்ள ஏடிமெகா 32யு4 சில்லுதான் நேரடியாக யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்காக இயங்கக்கூடியது. சட்டம் கொஞ்சம் வளைந்தாலும் விசை விசைதான் என்பதால், எண் அவ்வளவாக மாறாது.

ரம்பத்தூள்:

நீங்கள் சொல்லும் தத்துவம் சரி, வரிசைதான் தவறு. லோட் செல் வந்தபின் மனிதர் இன்னும் பலமாக மிதிப்பார், 12 மி.மீ. பலகையும் கீலும் அதற்கு முன்பே கழன்று வந்துவிடும். சட்டம் முதலில், லோட் செல் பிறகு.

ஈரப்பாதை:

அளந்துவிட்டேன். பலகையின் மேல்விளிம்பு 14 மி.மீ. பின்வாங்குகிறது. இருக்கைப் பெட்டி சில முறை அசையவே இல்லை, சில முறை 9 மி.மீ. வரை நகர்கிறது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பத்துமுறை மிதித்ததில் எல்லா எண்களும் 79 முதல் 84 வரைக்குள் வந்தன. சுவரை நகர்த்திக்கொண்டு வர முடியாதே, இனி என்ன செய்வது?

நட்டும்போல்ட்டும்:

சுவர் செய்த வேலையைச் சட்டமே செய்யும்படி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அலுமினியம் தேவையில்லை. 40க்கு 80 மி.மீ. அலுமினியச் சட்டம் நல்ல பொருள் என்பதில் ஐயமில்லை, ஆனால் உங்கள் ஸ்டீயரிங்குக்கும் பெடலுக்கும் மரமே தாராளம். பிவிசி குழாயை மறந்துவிடுங்கள். இணைப்புகளில் திருகித் திருகி நெகிழ்ந்துவிடும்.

முதல் வேலையாக, இருக்கைக்கு அடியிலிருந்து பெடல்வரை நீளும் இரண்டு மரச்சட்டங்களைப் போட்டு, இருக்கைப் பெட்டியையும் பெடல் பலகையையும் அவற்றோடு போல்ட்டால் பிணையுங்கள். அந்தச் சட்டங்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திப் பொருத்துங்கள். 38க்கு 89 மி.மீ. கட்டையைப் படுக்கவைப்பதற்கும் நிறுத்திவைப்பதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஐந்தரை மடங்கு விறைப்பு. மரமும் அதேதான், செலவும் அதேதான்.

அடுத்தது பெடல் பலகை. பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே 12 மி.மீ. இருந்த இடத்தில் 18 மி.மீ. போட்டால் விறைப்பு 3.4 மடங்கு ஆகிறது. உங்களிடம் 12 மி.மீ. துண்டு இன்னொன்று மிச்சமிருந்தால் அதுவே மேல்: இரண்டையும் முகம் முழுக்க மரப்பசை தடவி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு இறுக்கி வைத்தால் எட்டு மடங்கு கிடைக்கும். பசையில்லாமல் வெறுமனே அடுக்கித் திருகினால் ஏறத்தாழ இரண்டு மடங்குதான், ஏனென்றால் வளையும்போது இரு பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும்.

கீல்களைக் கழற்றிவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் காக்பிட்டில் உள்ள மிகப் பெரிய பிழை அந்த இரண்டு கீல்கள்தான். வேண்டிய சாய்வில் முக்கோணமாக வெட்டிய இரண்டு பக்கத்துண்டுகளின் மேல் பலகையை நிலையாகப் பொருத்துங்கள். ப்ளைவுட்டின் வெட்டுவிளிம்பில் திருகாணி ஏற்றினால் அடுக்குகள் பிளந்து பிடிப்பு போய்விடும் என்பதால், மூலைகளில் உட்புறமாக ஒரு கட்டை வைத்து, முகத்தின் வழியாகப் போல்ட்டும் அகன்ற வாஷரும் போட்டு இறுக்குங்கள். ஸ்டீயரிங் தாங்கிக்கும் இதே மருந்துதான்: நிமிர்ந்து நிற்கும் இரு கால்களின் உச்சியிலிருந்து அடித்தளச் சட்டத்துக்கு ஒரு சாய்வுக்கட்டை இறக்கினால் ஆட்டம் நின்றுவிடும். உங்கள் முழங்கால் இடிக்காத பக்கமாகப் பார்த்து இறக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. கார் இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை என்ற குறிப்பு இருந்தாலோ, அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தொங்கினாலோ, அதில் துளையிடுவதோ மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதோ கூடாது. உள்ளே வெடிப்பொறி இருக்கும். அத்தகைய இருக்கையை மாற்றிவிடுவதே நல்லது.

ஈரப்பாதை:

மிக்க நன்றி ஐயா. இருக்கையில் காற்றுப்பை இல்லை, பார்த்துவிட்டேன். இரண்டு விடுமுறை நாள் வேலைக்குப் பிறகு எழுதுகிறேன். பலகையைப் பசைபோட்டு இரட்டையாக்கி, கீல்களைக் கழற்றி, நீளச்சட்டம் இரண்டும் சாய்வுக்கட்டை இரண்டும் போட்டாயிற்று. பலகை இப்போது 2 மி.மீ.க்கு மேல் நகர்வதில்லை. இருக்கை அசையவே இல்லை. பிரேக்கை மிதித்தால் முழு காக்பிட்டும் ஒரே கட்டையாக முனகுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் சட்டத்தின் ஆட்டம் நின்றபின் வேறொன்று தெரிகிறது. காலை மெதுவாக இறக்கும்போது 30 முதல் 40 விழுக்காடு வரையிலான பகுதியில் மட்டும் எண் 34, 51, 33 என்று துள்ளுகிறது. அதைத் தாண்டிவிட்டால் ஒழுங்காக ஏறுகிறது. மரத்தூள் உள்ளே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

ரம்பத்தூள்:

மரத்தூளாகவும் இருக்கலாம், நாட்பட்ட தேய்மானமாகவும் இருக்கலாம். பெடல்களைக் கழற்றாமலேயே அந்த மரத்தை அறுத்தீர்களா? என் பெயரே ரம்பத்தூள். அதே பிழையைச் செய்தவன் நான் என்பதால் கேட்கிறேன்.

விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, பெடலைக் கையால் மிக மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் துள்ளினால் பொட்டென்ஷியோமீட்டரின் தடத்தில் அந்தப் பகுதி அழுக்காகியோ தேய்ந்தோ இருக்கிறது. பெடலைத் தொடாமல் கம்பியை மட்டும் அசைக்கும்போதே துள்ளினால் கனெக்டரில்தான் கோளாறு. முதல் வகை என்றால், யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு, மின்னணு உறுப்புகளுக்கான காண்டாக்ட் கிளீனரை அதன் இடுக்கில் சிறிதளவு பீச்சி, தண்டை முப்பது முறை முன்னும் பின்னும் சுழற்றி, நன்றாக உலரவிடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைப் பயன்படுத்தாதீர்கள். பிசுக்கு தங்கி இன்னும் தூசியைப் பிடிக்கும்.

நள்ளிரவுஓட்டம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மேலே கடைசிச்சுற்று சொன்னது போலவே லோட் செல்லும் எச்எக்ஸ் 711 பலகையும் கொண்டு நான் ஒரு பிரேக் செய்திருக்கிறேன். அளவு துல்லியமாக இருக்கிறது, ஆனால் மிதித்ததற்குச் சற்றுப் பிந்தியே வண்டி கேட்கிறது. படிப்படியாகத் தாவுவது போலவும் இருக்கிறது. சட்டம் முழுக்க இரும்பு, வளைவு இல்லை.

கடைசிச்சுற்று:

உங்கள் சட்டத்தில் குறையில்லை, அந்தச் சில்லின் வேகத்தில்தான் குறை. எச்எக்ஸ் 711 நொடிக்கு 10 அளவீடு அல்லது 80 அளவீடு என்ற இரு வேகங்களில் இயங்கும். சந்தையில் கிடைக்கும் பலகைகள் பலவற்றில் வேகத்தைத் தீர்மானிக்கும் 15ஆம் கால் (சில்லின் பின்) மின்தரையோடு (கிரவுண்ட்) இணைக்கப்பட்டு, 10 என்ற வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. இரு அளவீடுகளுக்கு இடையே ஐந்தரை மீட்டர் கடந்துவிடுகிறீர்கள். அந்தக் காலைப் பலகையிலிருந்து கவனமாக நெம்பித் தூக்கி, பக்கத்தில் உள்ள 16ஆம் காலோடு ஈயப்பற்று வைத்துவிட்டால் 80க்கு மாறிவிடும். அது சில்லுக்கு மின்சாரம் தரும் கால்தான், எனவே வேறு கம்பி இழுக்க வேண்டியதில்லை. நிரலில் பத்து அளவீடுகளின் சராசரியை எடுக்கும் வரி இருந்தால் அதையும் நீக்குங்கள். நொடிக்குப் பத்து என்ற வேகத்தில் அது முழுதாக ஒரு நொடியை விழுங்கிவிடும்.

நள்ளிரவுஓட்டம்:

சராசரி எடுக்கும் வரி இருந்தது, நீக்கியதும் பாதி சரியாகிவிட்டது. காலைத் தூக்கும் வேலையை நாளைப் பகல் வெளிச்சத்தில் செய்கிறேன், என் ஈயப்பற்றுக் கருவியின் முனை கொஞ்சம் தடிமன்.

ஈரப்பாதை:

கிளீனர் வேலை செய்தது. நீங்கள் கேட்டதும் சரிதான், பெடலைக் கழற்றாமல்தான் அறுத்தேன். மூடியைத் திறந்தபோது உள்ளே மெல்லிய மஞ்சள் நிற மரத்தூள் படிந்திருந்தது. இப்போது எண் துள்ளவில்லை. நேற்று இருபது சுற்று ஓட்டியதில் அந்த வளைவில் ஒருமுறைதான் புல்லுக்குப் போனேன், அதுவும் என் பேராசையால்.

கடைசியாக ஒன்று. திரையை எவ்வளவு தூரத்தில் வைப்பது? இப்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் 70 செ.மீ. தொலைவில் இருக்கிறது, திரையின் அகலம் 60 செ.மீ.

நட்டும்போல்ட்டும்:

கண்ணிலிருந்து அந்தத் தொலைவு என்றால், கிடைமட்டப் பார்வைக்கோணம் 46 பாகை. அகலத்தின் பாதியான 30ஐ 70ஆல் வகுத்து, அதன் தலைகீழ் டேன்ஜெண்டை இரட்டித்தால் இந்த எண் வரும்; விளையாட்டின் அமைப்பில் பார்வைக்கோணமாக அதையே கொடுங்கள். சில விளையாட்டுகள் செங்குத்துக் கோணத்தைக் கேட்கும். 16க்கு 9 விகிதத் திரையில் அது 27 பாகை. முதல் நாள் குழாய் வழியாகப் பார்ப்பது போல எரிச்சலாக இருக்கும், ஆனால் பிரேக் போடும் தூரத்தைக் கண் சரியாகக் கணிக்கத் தொடங்கும். இடமிருந்தால் திரையை ஸ்டீயரிங் தலைக்கு மேலாக இன்னும் உங்கள் பக்கம் இழுங்கள், கோணம் விரியும்.

பெடலின் தூரத்தையும் இப்போதே பாருங்கள். பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். தோள் இருக்கையில் படிந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும்.

ஈரப்பாதை:

முழங்கால் மடங்குகிறது, மணிக்கட்டுதான் எட்டவில்லை. ஸ்டீயரிங் தாங்கியை 4 செ.மீ. என் பக்கம் கொண்டுவர வேண்டும் போலிருக்கிறது. புதிய துளைகளை இன்றே போட்டுவிடட்டுமா?

நட்டும்போல்ட்டும்:

வேண்டாம். பென்சிலால் கோடு போட்டு, கிளாம்ப் மாட்டி ஒரு வாரம் ஓட்டுங்கள். அந்தக் கோடு எப்படியும் இரண்டு முறையாவது இடம் மாறும்.

ரம்பத்தூள்:

துளை போடும் நாளில் பெடலைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள்.