மாட்டுங்காவில் நாங்களே வறுத்து விற்கும் காப்பிப்பொடிக் கடையைப் பிரான்சைஸாக மாற்றலாமா?

கேட்பவர்: மாட்டுங்கா காப்பிக்கடை

அனைவருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்கா கிழக்கில், ஆஸ்திக சமாஜக் கோவிலிலிருந்து நடந்துபோகும் தொலைவில், 220 சதுர அடியில் காப்பிப்பொடிக் கடை நடத்துகிறேன். அப்பா 1983இல் பகடிக்கு, அதாவது மொத்தமாக ஒரு முன்தொகை கொடுத்துக் குறைந்த வாடகையில் நெடுங்காலம் இருக்கும் முறையில், எடுத்த இடம் அது. பச்சைக் கொட்டையைச் சிக்கமகளூரிலிருந்தும் குடகிலிருந்தும் வரவழைத்து, கடையிலேயே வறுத்து, வாங்குபவர் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கிறோம். கொட்டை வகைகளில் பிளாண்டேஷன் ஏ, பீபெரி, வேண்டியவர்களுக்குக் கொஞ்சம் ரொபஸ்டா. சிக்கரி அவரவர் வீட்டு அளவுப்படி. எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பது இன்னும் அப்பா எழுதிய நோட்டில்தான் இருக்கிறது.

மாதம் சுமார் 5 லட்சம் ரூபாய்க்கு விற்கிறேன். கொட்டைக்கும் சிக்கரிக்கும் கொடுத்ததுபோக 28 சதவீதம் நிற்கிறது. சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பங்கை ஜிஎஸ்டியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் வரி கட்டுகிறேன். கடந்த சில ஆண்டுகளில் கொட்டை விலை ஏறிய ஏற்றத்தில் முதல் முடங்குகிறது. பழைய கட்டடங்கள் இடித்துக் கட்டப்படுவதால், மூன்று தலைமுறையாக வாங்கிய குடும்பங்கள் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் போய்விட்டன.

இந்த நிலையில், தெற்கிலிருந்து வந்திருக்கும் ஒரு காப்பி நிறுவனம் தன் பெயரில், பிரான்சைஸாக, கடையை நடத்தும்படி அழைக்கிறது. கட்டணம் 6 லட்சம், உள் அலங்காரம் 14 லட்சம், விற்பனையில் ராயல்டி 6 சதவீதம், விளம்பர நிதி 2 சதவீதம், ஒப்பந்தம் 5 ஆண்டு. பொடியை அவர்களிடமே வாங்க வேண்டும். எனக்கு 22 சதவீத லாபம். வறுக்கும் இயந்திரத்தை எடுத்துவிட வேண்டும். நான் நடத்த முடியாத நாளில் அவர்களே ஆள் வைத்து நடத்துவார்களாம். என் மகள் வேறு துறைக்குப் போய்விட்டதால், இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சயான் கணக்காளர்

ஐயா, 28-ஐயும் 22-ஐயும் நேராக ஒப்பிடாதீர்கள். வறுக்காத கொட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது. வறுத்த காப்பிக்கு 5 சதவீதம் உண்டு. இன்று நீங்கள் வாங்கும் முக்கியச் சரக்கில் வரியே இல்லை என்பதால், காம்போசிஷனில் இருப்பது உங்களுக்குப் பொருந்துகிறது. நாளை 100 ரூபாய்க்கு விற்கும் பொடியை நிறுவனத்திடம் 78 ரூபாய்க்கு வாங்கினால் வரியோடு 81.90 ஆகும், காம்போசிஷனில் இருப்பவர் அந்த வரியைத் திரும்பக் கழிக்க முடியாது. ஆக, லாபம் 18.10. ராயல்டியும் விளம்பர நிதியும் சேர்ந்த 8 சதவீதத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறும்போது அது 9.44. மீதம் 8.66. இன்றைய 5 லட்சம் விற்பனையில் அது மாதம் 43,300 ரூபாய்; இப்போது உங்களுக்கு நிற்பதோ 1,40,000.

அப்படியானால், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சாதாரண ஜிஎஸ்டி முறைக்கு மாறலாமே என்பார்கள். மாறினாலும் 22-இல் 8 போகக் கையில் நிற்பது 14 சதவீதம்தான்; பழைய 1,40,000-ஐத் தொட மாதம் 10 லட்சம் விற்க வேண்டும். அந்த விற்பனைமேல் நீங்கள் கட்ட வேண்டிய வரி 50,000, பொடிக்குக் கட்டிய வரி 39,000. மிஞ்சும் 11,000-இல் ராயல்டிமேல் கட்டிய 14,400 முழுதும் கழியாது, மாதாமாதம் 3,400 தேங்கும். சேவைகளுக்குக் கட்டி இப்படித் தேங்கும் வரியைத் திரும்பப் பெற வழியில்லை என்பதை 2021இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்துவிட்டது. 20 லட்சம் முதலை 60 மாதத்துக்குப் பிரித்தால் வரும் 33,000-ஐ நான் இன்னும் சேர்க்கவில்லை. வறுக்கும் செலவு மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் அது இவ்வளவையும் ஈடுகட்டாது.

அந்த 22 சதவீதம் வரி சேர்ந்த விலையிலா, சேராத விலையிலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதில்: செம்பூர் கண்ணாடிக்கடை

நான் இப்படி ஒரு பிரான்சைஸில் சேர்ந்து, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வெளியே வந்தவன். என்னுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: சரக்கு இருப்பை ஒழுங்காகக் கணக்கு வைக்க அவர்களிடம்தான் கற்றேன், புதுத் தலைமுறை வாடிக்கையாளர்களும் வந்தார்கள். முதல் இரண்டு ஆண்டு எனக்குக் குறையே இல்லை.

ஆனால் ஒவ்வொருவரின் பார்வை அளவும் தொலைபேசி எண்ணும் அவர்களுடைய மென்பொருளில்தான் பதிவாயின. வெளியே வந்த அன்று எனக்குத் திரையே திறக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து வருபவர்களைக்கூட நான் தேடிப்போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய பலகையை மாட்டியபோது, கடை கைமாறிவிட்டதென்று பலர் நினைத்தார்கள். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

உங்கள் அப்பாவின் நோட்டு இருக்கிறதே, ஐயா, அதுதான் உங்கள் கடை. சிக்கரி கலந்த பொடியில் குறைந்தது 51 சதவீதம் காப்பி இருந்தால் போதும் என்பதே விதி. விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த நிறுவனத்தின் பொட்டலத்தை வாங்கிப் பாருங்கள். காப்பி 80க்குச் சிக்கரி 20 என்று கேட்டுப் பழகியவர்களுக்கு 60க்கு 40 கொடுக்க உங்களுக்கு மனம் வருமா?

பதில்: தாதர் வழக்கறிஞர்

உங்களுக்கு ஆறுதல் தந்த அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பகடி இடத்தில் நீங்கள் வாடகைதாரர், உரிமையாளர் அல்லர். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, உரிமையாளரின் சம்மதமில்லாத உள்வாடகையையும் கைமாற்றத்தையும் வெளியேற்றத்துக்கான காரணமாக வைத்திருக்கிறது. உங்கள் பெயர்ப்பலகைக்குக் கீழே நிறுவனத்தின் பலகை வருவதால் மட்டும் அது உள்வாடகை ஆகிவிடாது. ஆனால் நிறுவனத்தின் ஆட்களே கடையைத் திறந்து, கல்லாவில் அமர்ந்து, சாவியையும் வைத்துக்கொண்டால், உரிமையாளர் வழக்குப் போட வலுவான காரணம் கிடைத்துவிடும். கட்டடம் மறுசீரமைப்புக்குப் போகும் நேரத்தில் இப்படி ஒரு வழக்கு இருந்தால், புதுக் கட்டடத்தில் உங்களுக்கு வரவேண்டிய இடமே கேள்விக்குள்ளாகும்.

நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில், கையெழுத்துக்கு 14 நாள் முன்னதாகவே நிறுவனம் தன் வழக்குகள், மூடிய கிளைகள் போன்றவற்றை எழுதிய ஆவணத்தைத் தந்தாக வேண்டும். இங்கே அதை நீங்களாகக் கேட்டால்தான் உண்டு. மூடிய கிளைகளின் பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். ஒப்பந்தம் முடிந்தபின் காப்பி வியாபாரமே செய்யக்கூடாது என்னும் நிபந்தனை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் அப்படிக் கட்டுப்படுத்துவது செல்லும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் குஜராத் பாட்டிலிங் வழக்கில் கூறியிருக்கிறது. ஆகவே அந்த 5 ஆண்டும் உங்கள் கலவையை வீட்டிலிருந்துகூட விற்க முடியாமல் போகலாம்.

சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கடைப் பெயரை உடனே வணிகக் குறியாகப் பதிவு செய்யுங்கள். வணிகக் குறிப் பதிவில் காப்பி 30ஆம் வகுப்பில் வரும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம்.

பதில்: டோம்பிவிலி மாமி

உங்கள் கடை எதுவென்று ஊகிக்க முடிகிறது, பெயர் சொல்லவில்லை. நாங்கள் மாட்டுங்காவை விட்டு வந்து ஒன்பது ஆண்டாகிறது. இன்றும் கோவிலுக்கு வரும்போதெல்லாம் ஒரு கிலோ வாங்கிக்கொண்டுதான் ரயிலேறுகிறேன். மாதாமாதம் அனுப்பிவைத்தால், அனுப்பும் செலவையும் சேர்த்துத் தர எங்கள் கட்டடத்திலேயே ஆறு வீடுகள் தயாராக இருக்கின்றன. யாரும் எங்களை இதுவரை கேட்டதில்லை.

கேட்டவர்: மாட்டுங்கா காப்பிக்கடை

அனைவருக்கும் நன்றி. பச்சைக் கொட்டைக்கும் பொடிக்கும் வரி வேறு என்பது தெரிந்தும், அதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நேற்று அந்த நிறுவனத்தாரிடம் மூடிய கிளைகளின் பட்டியலைக் கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். பலகையை மாற்றாமல், இயந்திரத்தையும் எடுக்காமல், அவர்களுடைய பொட்டலங்களை ஒரு தட்டில் வைத்து விற்கச் சம்மதமா என்றும் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை எதிலும் கையெழுத்திடப் போவதில்லை.

மாமி, வியாழக்கிழமை வறுக்கிறோம். அந்த ஆறு வீடுகளின் அளவையும் தனிச்செய்தியில் எழுதுங்கள், நோட்டில் ஏற்றிக்கொள்கிறேன்.