அம்மாவுக்கு முகாமில் கொடுத்த ஓலைப்பெட்டியில் பூச்சி: என்ன செய்யலாம்?

கோபி செல்வி:
வணக்கமுங்க. எங்கம்மா கிராம சுகாதாரச் செவிலியர். 1990 ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டு, தப்பி வந்தவர்களை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமிலிருந்து மாவட்டம் மாவட்டமாக அனுப்பினார்கள். அப்போது பவானிசாகர் முகாமுக்கும் அம்மா போய்வந்தார். எங்கள் பக்கம் அன்றைக்குப் பெரியார் மாவட்டம். அங்கே ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் கூடவே இருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் புகட்டித் தேற்றினார். நாலாம் நாள் குழந்தையின் பாட்டி இந்தப் பெட்டியை நீட்டியிருக்கிறார். "அரசாங்க வேலைங்க, வாங்கக் கூடாதுங்க" என்றாராம் அம்மா. "காசு குடுத்து வாங்கினதில்லைப் பிள்ளை, என்ர கையால இழைச்சது" என்று பாட்டி சொன்னதும் மறுக்க முடியவில்லை.

உள்ளங்கை அகலம்தான். இரண்டு பாகம், ஒன்றுக்குள் ஒன்று உறை மாதிரி நுழையும். சிவப்பும் பச்சையும் ஏற்றிய ஓலை, ஊசி நுழையாத பின்னல். ஒரு மூலையில் மட்டும் சாயமேறாத ஓலை. சாயம் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அம்மா சீட்டுப் பணம் அதில்தான் வைப்பார்.

போன தையில் அம்மா தவறிவிட்டார். நேற்று பீரோவைத் திறந்தால், பெட்டிக்கு அடியில் மாவு மாதிரித் தூள். இதற்குப் பெயர் என்ன? வார்னிஷ் அடித்தால் நிற்குமா?

பழம்பொருள் பிரியன்:
வார்னிஷ் வேண்டவே வேண்டாம், அப்புறம் எடுக்க முடியாது. பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், பூச்சி செத்துவிடும். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்துப் பையைப் பிரியுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோக்கும். வெயிலில் காயவைத்தால் சாயம் வெளுக்கும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜெர்மனி அகதி முகாம்களில் இருந்த லாத்வியா, லித்துவேனியாக்காரர்களும் நிவாரணப் பணியாளர்களுக்குப் பூத்தையல் துணி, மரப்பெட்டி என்று செய்து கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே ஒரு தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள்.

பனங்குருத்து:
அக்கா, அது கொட்டைப்பெட்டி. வெற்றிலை, பாக்கு, சில்லறை வைத்து மடியில் செருகுவது. என் அம்மம்மாவும் இழைப்பார். குருத்தோலையைக் காயவைத்து, கிழித்து வார்ந்து, சாயத்தில் அவிப்பார். சின்னப் பெட்டிக்குத்தான் கண் நோகும் என்பார்.

நான் பவானிசாகர் முகாமிலேயே பிறந்தவள். அந்தப் பாட்டிக்கு ஊர் எது? சொன்னால் பெரியவர்களிடம் விசாரிக்கிறேன்.

கோபி செல்வி:
கண்ணு, விசாரிங்க. "மன்னார்ப் பாட்டி" என்றுதான் அம்மா சொல்வார். குழந்தை பெண், அப்போது ஒரு வயசுகூட ஆகவில்லை. பாட்டி அவளைக் "குஞ்சு" என்றே கூப்பிடுவாராம். பெட்டியை இப்போதுதான் ஃப்ரீசரில் வைத்தேன்.