ஹோல் சுவருக்கு மாபிள் பெயின்ற் அடிக்கலாமா? அடியில் உப்புப் பூத்திருக்கிறது

கேள்வி (உப்புவெளி):
வணக்கம். எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட. ஆவணியில் தங்கச்சிக்குக் கலியாணம், அதற்கு முன் ஹோலில் ஒரு சுவரை மாபிள் மாதிரி அடிக்க ஆசைப்படுகிறோம். பெயின்ற் அடிக்கும் பாஸ் வந்து பார்த்துவிட்டு இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். ஆனால் அதே சுவரில் தரையிலிருந்து 2 அடி உயரத்துக்கு பெயின்ற் கொப்பளித்து நிற்கிறது, விரலால் தட்டினால் வெள்ளை மா போல உப்புக் கொட்டுகிறது. போன வருடமும் சுரண்டி, புட்டி போட்டு அடித்தோம், மாரி முடிய திரும்ப வந்துவிட்டது. டிசைன் போட்டால் மறைந்துவிடுமா?

பெயின்ற் வேலைக்காரன்:
மறையாது தங்கச்சி. சுவருக்குள் ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது, தண்ணீர் காய்ந்துபோக உப்பு மட்டும் பெயின்றுக்கு அடியில் கட்டிபட்டு அதைத் தள்ளிவிடுகிறது, அதனால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது உரிந்துதான் விழும். ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டுங்கள், கழுவ வேண்டாம், கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். அப்புறம், அந்தச் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது?

ஓர்ஸ் ஹில் அக்கா:
நாங்கள் சாப்பாட்டு அறையில் ஒரு சுவருக்கு மட்டும் மாபிளுக்குப் பதில் ஸ்பொஞ்சால் நிறத்தை ஒற்றி டிசைன் போட்டோம். ஹோல் முழுக்க மாபிள் அடித்த ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், கண்ணுக்கு ஓய்வே இல்லை. மாபிளில் ஓடும் நரம்புக் கோடு நல்ல கை இல்லாவிட்டால் வெடிப்பு மாதிரித் தெரியும். முதலில் 2 அடி ஹார்ட்போட்டில் அடித்துத் தரச் சொல்லி, அதைக் காலை வெயிலிலும் இரவு லைட்டிலும் சுவரில் சாய்த்துப் பாருங்கள். இன்னொன்று, வறண்ட கச்சான் காற்று வீசும்போது கிளேஸ், அதாவது அடிக்கோட்டுக்கு மேலே அடிக்கும் மெல்லிய நிறப் பூச்சு, ஒற்றுவதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். எங்களுக்கு அப்படித்தான் ஒரு மூலை கெட்டது. பிறகு விடியக்காலையில் ஜன்னலைச் சாத்தி, ஃபானை நிறுத்தி, ஒருவர் ரோலரில் அடித்துக்கொண்டு போக மற்றவர் பின்னாலேயே ஒற்றினார். அடிக்கோட் மினுக்கமில்லாத மட் பெயின்றாக வேண்டாம், அது கிளேஸை உறிஞ்சிவிடும்.

கேள்வி கேட்டவர்:
பொலித்தீன் இரண்டு ஒட்டினேன். மேலே காய்ந்திருக்கிறது, கீழே ஒட்டியது உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் அம்மாவின் குரோட்டன் பாத்தி, மண் ஹோல் தரையை விட ஒரு சாண் உயரத்தில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, தினமும் பின்னேரம் தண்ணீர் ஊற்றுகிறோம்!

பெயின்ற் வேலைக்காரன்:
அதுதான் விஷயம். மண்ணைத் தரை மட்டத்துக்குக் கீழே இறக்கி, பாத்தியைத் தள்ளி வையுங்கள். உள்ளே உதிரும் பூச்சைக் கொத்திவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள், திரும்பச் சாந்து பூசிய பிறகும் பெயின்ற் அடிக்கக் குறைந்தது 4 கிழமை பொறுக்க வேண்டும். கலியாணத்துக்கு அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு போதும், ஈரம் வெளியேற இடம் விடும்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணா. குரோட்டனை இன்றைக்கே கிளப்புகிறோம். எதிர்ச் சுவர் உள்சுவர், அதில் ஒட்டிப் பார்த்தேன், ஈரமே இல்லை. அதற்கு ஸ்பொஞ்ச் என்று அம்மாவும் சம்மதித்துவிட்டா, பாஸிடம் நாளைக்கு ஹார்ட்போட் கொடுக்கிறேன்.