2500 ரீலுக்கு எந்த தூண்டில் நரம்பு போடலாம்? மோனோவா, பிரெய்டா, ஒரே குழப்பம்

ஞாயிறு_தூண்டில்:

ஆறரை அடி ராடு, அதுமேல மீடியம் லைட்னு போட்ருக்கு, கூட 2500 சைஸ் ஸ்பின்னிங் ரீல், ரெண்டும் செட்டா வாங்கினது. ரீல்லயே நரம்பு சுத்தி வந்துச்சு, 0.40 எம்எம் மோனோன்னு (ஒத்த இழை நைலான்) அட்டைல இருந்துச்சு. பிரச்சனை என்னன்னா வீசும்போதெல்லாம் நரம்பு சுருள் சுருளா, அது சுத்தியிருக்கிற ஸ்பூல விட்டு எகிறி வருது, முதல் வளையத்துலயே கொத்தா மாட்டிக்குது, மீன் பிடிக்கிற நேரத்த விட சிக்கு எடுக்கிற நேரம்தான் ஜாஸ்தி. தூரமும் போகல, பக்கத்துல வெறும் மூங்கில் குச்சில தூண்டில் போட்டுட்டு இருக்கவர் என்ன பாத்து சிரிக்கிறார்.

நான் போறது குளம், ஏரி, எப்பவாச்சும் மெதுவா ஓடுற ஆறு. கெண்டை, ஜிலேபி, கெளுத்தி இதுங்கதான் குறி, மண்புழு இல்லன்னா மாவு உருண்டை, மிதக்குற தக்கை கட்டித்தான் போடுவேன். விரால் மாட்டினா சந்தோஷம், ஆனா அதுக்குன்னு தனியா போறதில்ல. லீவு நாள்ல ரெண்டு மூணு மணி நேரம் உக்காந்துட்டு வர்ற ஆளு நான், போட்டிக்கெல்லாம் போகப்போறதில்ல.

ஒருத்தர் பிரெய்டு (பல இழை பின்னின நரம்பு) போடு எல்லாம் சரியாயிடும்ங்கிறார், இன்னொருத்தர் ஃப்ளோரோகார்பன்தான் மீன் கண்ணுக்கே தெரியாதுங்கிறார். எது, எத்தன எம்எம், முள் என்ன நம்பர், ஈயக்குண்டு எவ்ளோ, கொஞ்சம் தெளிவா சொல்லுங்க.

விரால்_வேட்டை:

பிரெய்டு போடுங்க ப்ரோ, யோசிக்கவே வேணாம். 20 எல்பி (பவுண்டு, நரம்பு தாங்குற பலம்) பிரெய்டு பாத்தீங்கன்னா 8 எல்பி மோனோ தடிமன்தான் இருக்கும், சும்மா அம்பு மாதிரி போகும். இழுவை கிடையாது, மீன் மூச்சு விட்டாக்கூட கைல தெரியும். நான் மோனோவ விட்டு ரொம்ப காலமாச்சு, பாசிக்குள்ள ஃப்ராக் (தவளை மாதிரி செயற்கை இரை) போட்டு இழுக்கிறதுக்கு அதவிட்டா வேற நரம்பே கிடையாது.

தக்கை_முங்குது:

மேல உள்ள நண்பர் சொல்றது அவர் பிடிக்கிற பிடிக்கு நூத்துக்கு நூறு சரி. பாசி, தாமரை, ஆகாயத்தாமரைக்குள்ள விரால அடிச்சா அது உடனே வேருக்குள்ள போய் சுத்திக்கும், அங்க 30லருந்து 50 எல்பி பிரெய்டு செடிய அறுத்துக்கிட்டே வரும், மோனோவால முடியாது. ஆனா கேள்வி கேட்டவர் தக்கை போட்டு மண்புழுல கெண்டை பிடிக்கிறவரு. அவரு கைல மீடியம் லைட் ராடு. ரெண்டும் வேற வேற வேல.

முதல்ல உங்க சிக்குக்கு வருவோம். அது மோனோங்கிறதால வர்ற சிக்கு இல்ல, 0.40ங்கிறதால வர்றது. அந்த தடிமன் ஏறக்குறைய 20 எல்பி நரம்பு, அத 2500 ரீலோட சின்ன ஸ்பூல்ல இறுக்கி சுத்தி வச்சா அந்த வட்டத்தையே ஞாபகம் வச்சுக்கிட்டு ஸ்பிரிங் மாதிரி எகிறத்தான் செய்யும். தடிமன் ஏற ஏற ஸ்பூல்ல கொள்ளளவும் படுவேகமா குறையும், ஏன்னா கணக்கு குறுக்குவெட்டு பரப்புல வருது: 0.25 எம்எம் 200 மீட்டர் பிடிக்கிற ஸ்பூல்ல 0.40 போட்டா 80 மீட்டர்கூட பிடிக்காது. ராடு அடில கைப்பிடிக்கு மேல பாருங்க, லைன் 6-12 எல்பின்னோ 4-10 எல்பின்னோ எழுதியிருக்கும், பக்கத்துலயே எத்தன கிராம் எடை வீசலாம்னும் இருக்கும். கடைல யாரு என்ன சொன்னாலும் அந்த ரெண்டு வரிதான் உங்களுக்கு அளவு.

அதனால என் ஓட்டு 0.25 இல்லன்னா 0.28 மோனோ, 8லருந்து 10 எல்பி வரைக்கும் வரும், கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். 10 எல்பின்னா நாலரை கிலோ. உடனே "அஞ்சு கிலோ மீன் வந்தா அறுந்துடுமே"ன்னு நினைக்காதீங்க, தண்ணிக்குள்ள மீன நீங்க தூக்கப்போறதில்ல, ராடு வளையுது, டிராக் (ரீல்ல உள்ள பிரேக்) வழுக்கி நரம்பு குடுக்குது, மீன் களைச்சுப்போகுது. டிராக் செட் பண்ணத்தெரியாதவங்கதான் தடி நரம்பு தேடி ஓடுவாங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில நரம்பு நுனில கட்டி, ராட நேரா பாட்டில் பக்கம் நீட்டி வச்சுக்கிட்டு மெதுவா தூக்குங்க, பாட்டில் தரைய விட்டு கிளம்புறப்ப டிராக் லேசா வழுக்கணும். ஒரு கிலோங்கிறது 8 எல்பி நரம்போட பலத்துல கால்வாசிக்கு கொஞ்சம் மேல, அது போதும்.

மோனோ தோராயமா கால் பங்கு வரைக்கும் இழுபடும், எல்லாரும் அத குறைன்னு சொல்றாங்க, தக்கை போடுறவனுக்கு அது குறையே இல்ல. மீன் திடீர்னு கரைகிட்ட வந்து திமிறும் பாருங்க, அப்ப அந்த இழுவைதான் முள்ள வாய கிழிச்சுக்கிட்டு வராம காப்பாத்தும். பிரெய்டுல அந்த மெத்தை கிடையாது. அப்புறம் பிரெய்டு செய்யிற பாலிஎத்திலீன் தண்ணிய விட லேசு, மிதக்கும், காத்தடிச்சா தளர்ந்து வில்லு மாதிரி வளைஞ்சு தக்கைய இழுத்துட்டு போயிடும். கல்லுல உரசினாலும் சீக்கிரம் போகும். முள்ளு எங்கயாவது மாட்டிக்கிட்டா நரம்ப கைல சுத்தி இழுத்தீங்கன்னா விரல் அறுந்துடும், விளையாட்டில்ல, ஒரு குச்சில சுத்தித்தான் இழுக்கணும்.

ஃப்ளோரோகார்பன் கண்ணுக்கே தெரியாதுங்கிறது விளம்பர பேச்சு. அதோட ஒளிவிலகல் எண் 1.42, தண்ணிக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல. ஆக நைலான விட தண்ணிக்கு கிட்டக்க இருக்குது அவ்ளோதான், மாயமா மறையாது. கலங்கல் தண்ணில அதுவும் ஒண்ணுதான் இதுவும் ஒண்ணுதான். அது நல்லா முங்கும், உரசல தாங்கும், தண்ணி குடிக்காது, ஆனா விறைப்பு ஜாஸ்தி, ஸ்பின்னிங் ரீல்ல முழுசா ரொப்பினா உங்க இப்ப உள்ள சிக்கே தேவலன்னு தோணும். பிரெய்டு போடுறவங்க நுனில ஒரு முக்கா மீட்டர் லீடரா (முள்ளுக்கு முன்னாடி இணைக்கிற துண்டு நரம்பு) போட்டுக்கிட்டா பிரயோஜனம்.

விரால்_வேட்டை:

அண்ணே ஒத்துக்கிறேன், அவரு தக்கைன்னு சொன்னத நான் சரியா படிக்கல போல. ஆனா ஒண்ணு, மோனோ வெயில்ல கெட்டுப்போகும், கார் டிக்கில போட்டு வச்சா ஒரு சீசன்ல மொறமொறன்னு ஆயிடும். பிரெய்டு வருஷக்கணக்கா நிக்கும். அதையும் சேத்து சொல்லுங்க.

தக்கை_முங்குது:

உண்மைதான் தம்பி. மோனோ போட்டா வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடணும், நிறைய போறவங்க இன்னும் சீக்கிரம். கடைல வாங்கும்போதும் ஜன்னலோரம் வெயில்பட தொங்குறத எடுக்காம உள்ள இருந்து எடுத்துத்தர சொல்லுங்க.

ஏரிக்கரை_அக்கா:

நரம்பு பத்தி சொல்லியாச்சு, நான் மத்ததுக்கு வர்றேன்.

முள்ளு நம்பர்ல புதுசா வர்றவங்க எல்லாரும் குழம்புவாங்க. நம்பர் பெருசானா முள் சின்னது, 10 சின்னது 4 பெருசு, 1 வரைக்கும் இப்படி, அதுக்கப்புறம் 1/0, 2/0ன்னு திரும்பி பெருசாகிட்டே போகும். ஜிலேபிக்கும் சின்ன கெண்டைக்கும் 8 இல்லன்னா 10, கெளுத்திக்கு 4லருந்து 1/0 வரைக்கும் அங்க கிடைக்கிற சைஸ பாத்து. ஜிலேபி இருக்குற இடத்துல இரை காணாம போயிட்டே இருந்தா மீன் கெட்டிக்காரத்தனம்னு நினைக்க வேணாம், முழு மண்புழுவ கோத்து வாலு தொங்க விட்டிருப்பீங்க, அது வால மட்டும் கடிச்சு இழுத்துட்டு போயிடும். முள்ள மூடுற அளவுக்கு சின்ன துண்டு போதும், முனை மட்டும் வெளில தெரியட்டும்.

கெளுத்திக்கு வட்ட முள், அதான் சர்க்கிள் ஹூக், ஒரு பாக்கெட் வாங்கி வச்சுக்கோங்க. கெளுத்தி சாதா முள்ள அப்படியே வயித்துக்குள்ள முழுங்கிடும், வட்ட முள்ளு வாயோரத்துல போய் தைக்கும். ஆனா அதுல சுண்டக்கூடாது, சுண்டினா வெளிய வந்துடும், நரம்பு இறுகுற வரைக்கும் ரீல நிதானமா சுத்தணும், தானா தைச்சுக்கும். நீள மூக்கு பிளையர் இல்லாம கெளுத்தி பிடிக்க போகாதீங்க, முதுகுல ஒண்ணு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு முள்ளு இருக்கு, குத்துச்சுன்னா அன்னிக்கு பொழப்பு போச்சு.

தக்கை பெருசா உருண்டையா வாங்காதீங்க, பாக்க அழகா இருக்கும் அவ்ளோதான். மெல்லிசா பென்சில் மாதிரி வாங்கி, நுனி ரெண்டு சென்டிமீட்டர் மட்டும் மேல தெரியிற அளவுக்கு நரம்புல ஈயம் அமுக்கி விடுங்க. உருண்ட தக்கைய மீன் இழுக்கும்போது அதோட கனம் அதுக்கு தெரிஞ்சு துப்பிடும். பென்சில் தக்கைல இன்னொரு வசதி, கீழ கிடக்குற இரைய கெண்டை தூக்குச்சுன்னா ஈயத்தோட கனம் தக்கைய விட்டு போயிடும், உடனே தக்கை எழும்பி அப்படியே படுத்துக்கும். புதுசா வர்றவங்க முங்குறதுக்காக காத்துட்டே இருப்பாங்க, படுத்தாலே அது கொத்துதான், சுண்டிடணும்.

ஆத்துல அடில போடுறதா இருந்தா நடுவுல ஓட்ட உள்ள ஈயக்குண்டு, 10லருந்து 15 கிராம். மெயின் நரம்புல கோத்து விட்டு, ஸ்விவல் (சுழலுற இணைப்பு வளையம்) கட்டி, அதுக்கு கீழ ஒரு முழம் நரம்பு, நுனில முள். குண்டு நரம்புல வழுக்கும், மீன் இழுக்கும்போது கனம் தெரியாது. அந்த கீழ் நரம்பு மட்டும் மெயின விட மெல்லிசா இருக்கட்டும், மெயின் 10 எல்பின்னா இது 6. கல்லுல மாட்டுச்சுன்னா முள்ளு மட்டும் போகும், குண்டு ஸ்விவல் எல்லாம் திரும்பி வந்துடும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், சின்ன ஈயத்த பல்லால கடிச்சு மூடுறத நிறைய பேர் பண்றாங்க, அது விஷம்ங்க, பிளையர்ல அமுக்குங்க. குளத்துல விட்ட ஈயத்த அன்னப்பறவைங்க கூழாங்கல்லுன்னு முழுங்கி செத்துச்சுன்னுதான் பிரிட்டன்ல 1987லயே சின்ன ஈயக்குண்டுகள தடை பண்ணினாங்க. டின், டங்ஸ்டன்லயும் இப்ப வருது, கிடைச்சா அத வாங்குங்க.

ஞாயிறு_தூண்டில்:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 0.28 மோனோ வாங்கிடுறேன். ரெண்டே ரெண்டு சந்தேகம். புது நரம்ப நானே சுத்திக்கலாமா, கடைல குடுக்கணுமா? அப்புறம் போன தடவ ஒரு மீன் மாட்டி இழுக்கும்போது விட்டுடுச்சு, நுனில முள்ளு இல்ல, நரம்பு பன்னி வாலு மாதிரி சுருண்டு இருந்துச்சு. நரம்பு தரம் சரியில்லையா?

தக்கை_முங்குது:

சுருண்டு வந்துச்சுன்னா நரம்பு அறுபடவே இல்ல, முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கு. நேரா நறுக்குன மாதிரி இருந்தா பல்லோ கல்லோ வெட்டியிருக்கும், சொரசொரன்னு இருந்தா ஏற்கனவே உரசி நைஞ்சிருக்கும். அதனால அப்பப்ப கடைசி ரெண்டு அடிய நகத்துக்கு நடுவுல ஓட விட்டு பாருங்க, எங்கயாவது தட்டுப்பட்டா அங்க வெட்டிட்டு புதுசா கட்டிடுங்க.

மோனோவுக்கு இம்ப்ரூவ்டு கிளிஞ்ச் முடிச்சு போதும்: முள்ளோட கண்ணுல விட்டு அஞ்சாறு சுத்து சுத்தி, நுனிய கண்ணுக்கு பக்கத்துல உள்ள முதல் ஓட்டைல விட்டு, அப்புறம் அந்த பெரிய வளையத்துலயும் விடணும். கடைசி படிய விட்டுட்டா உங்களுக்கு வழுக்கின மாதிரிதான் வழுக்கும். இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் தடவுங்க, காஞ்ச நரம்ப சரக்குன்னு இழுத்தா உரசல் சூட்டுல முடிச்சுகிட்டயே பலம் போயிடும். நாளைக்கே பிரெய்டுக்கு மாறினீங்கன்னா இந்த முடிச்சு வேணாம், அது வழவழப்பு, பாலோமர் முடிச்சு கட்டணும்.

சுத்துறது நீங்களே சுத்தலாம். பெயில் கம்பிய (ஸ்பூலுக்கு முன்னாடி மடங்குற வளைஞ்ச கம்பி) திறந்துட்டு ஸ்பூல்ல முடிச்சு போடுங்க, கம்பி மூடியிருக்கும்போது கட்டிட்டு அப்புறம் முழிக்கிறவங்க நிறைய. புது நரம்பு உருளைய தரைல படுக்க வச்சு லேபிள் மேல பாக்குற மாதிரி வைங்க, ஈரத்துணியால நரம்ப பிடிச்சுக்கிட்டு ஒரு இருவது சுத்து சுத்துங்க, நிறுத்தி நரம்ப தளர விட்டு பாருங்க. அது தானா முறுக்கிக்கிட்டு கயிறு மாதிரி பின்னிச்சுன்னா உருளைய திருப்பிப்போட்டு சுத்துங்க. ஸ்பூல் விளிம்புக்கு ரெண்டு எம்எம் கீழ நிறுத்திடணும், ஆசப்பட்டு ரொப்பினா மறுபடி எகிறும், ரொம்ப கம்மியா இருந்தா விளிம்புல உரசி தூரம் போகாது.

ஏரிக்கரை_அக்கா:

இதோட ஒண்ணு சேத்துக்கோங்க, வீசினதும் ரீல் கைப்பிடிய சுத்தி பெயில மூடாதீங்க, கையால மூடிட்டு நரம்ப ஒரு தடவ இழுத்து இறுக்கிட்டு அப்புறம் சுத்துங்க. ஸ்பூல்ல ஒரு தளர்ந்த சுத்து உக்காந்துடுச்சுன்னா அடுத்த வீச்சுல அதுதான் மொத்தத்தையும் இழுத்துட்டு வரும். மீன் நரம்ப இழுத்துட்டு ஓடும்போதும் ரீல் சுத்தக்கூடாது, டிராக் வழுக்கிட்டு இருக்கப்ப சுத்துற ஒவ்வொரு சுத்தும் நரம்புல முறுக்காத்தான் ஏறும்.

விரால்_வேட்டை:

பழைய 0.40 நரம்ப தூக்கிப்போடாதீங்க ப்ரோ, ஸ்பூலுக்கு அடில கொஞ்சம் விட்டுட்டு அதுமேல புது நரம்ப டபுள் யூனி முடிச்சுல இணைச்சா 100 மீட்டர்லயே ஸ்பூல் ரொம்பிடும். நாளைக்கு பிரெய்டு வாங்கும்போதும் அடில அப்படி மோனோ வேணும், இல்லன்னா மொத்த பிரெய்டும் ஸ்பூல்ல வழுக்கி சுத்தும். எப்படியும் ஒரு நாள் வாங்கத்தான் போறீங்க 😄