தலசீமியா பரிசோதனை: மதுரை, திருச்சிப் பக்கம் எங்கே செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை இப்போது ஒன்பது வாரக் கர்ப்பிணி. ரத்தப் பரிசோதனையில் அவள் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர், அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவள் என்று வந்திருக்கிறது. ஹெச்பிஏ2 (கேரியர்களுக்குக் கூடுதலாக இருக்கும் ஒரு வகை ஹீமோகுளோபின்) அளவு 5.1 சதவீதம். லேசான ரத்தசோகை தவிர அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை எங்கள் சொந்தத் தாய்மாமன் மகன், அதனால் அவருக்கும் அதே மரபணு இருக்கலாம். அவரும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்நோயின் கடுமையான வடிவமான தலசீமியா மேஜர் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. வந்துவிட்டால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவருக்கும் சோதனை எடுக்கலாம் என்றால், "நல்லாத்தானே இருக்கான், அவனுக்கு எதுக்கு?" என்கிறார் அத்தை. கேரியராக இருப்பது வெளியே தெரியாது என்று எப்படிப் புரியவைப்பது? பழி முழுக்கத் தங்கை மேல் விழுந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

இருவரும் கேரியர் என்றால் குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனையை 11 முதல் 14 வாரத்துக்குள் செய்வார்கள். அதனால் நாள் அதிகமில்லை. மதுரை, திருச்சிப் பக்கம் இதைச் செய்யும் இடம், மரபணு ஆலோசனை தரும் மருத்துவர் யாராவது தெரியுமா? அரசு மருத்துவமனையில் வழி உண்டா? செலவு எவ்வளவு ஆகும்? அப்புறம், இதே நிலையைக் கடந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிப் பேசினீர்கள் என்றும் சொல்லுங்கள்.