புதுப்பிப்பு: பாடகர் குழுவை விட்டு விலகியிருந்த தோழி

ராயபுரத்தில் எங்கள் பாடகர் குழுத் தோழி மூன்று மாதங்களாக ஆலயத்துக்கு வராததைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. காரணம் கேட்காமல் உடன் இருங்கள் என்ற யோசனையே பலித்தது. இரண்டு ஞாயிறுகள் ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய், எதையும் வற்புறுத்தாமல், அவரோடு அமர்ந்து நெத்திலி ஆய்ந்தேன். மூன்றாம் ஞாயிறு, கையில் மீனை வைத்தபடியே, உறக்கமின்றி மனச்சோர்வில் தவிப்பதையும், சபையார் அதை விசுவாசக் குறைவு என்பார்களோ என்று அஞ்சி மறைத்ததையும் சொன்னார். இன்னொருவர் குறிப்பிட்டிருந்த டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணை, 14416, அங்கிருந்தே அழைத்தோம், தமிழிலேயே பேசினார்கள். இப்போது சிகிச்சை பெறுகிறார். நான் எதிர்பாராதது, ஆயரம்மா தாமும் முன்பு இதே சிகிச்சை பெற்றதாகச் சொல்லி அவர் கையைப் பற்றிக்கொண்டது. சென்ற ஞாயிறு தோழி தம் பழைய இடத்தில் நின்றார். பாடவில்லை, பாட்டுப் புத்தகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்.